காத்தலின் இரு வழிகள்

1

அரசர்கள் என்ன தின்றார்கள் என்பதைச் சரித்திரம் எழுதிவைத்திருக்கிறது. ஓர் அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையே கிடந்த மாதங்களை மற்றவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதைப் பெரும்பாலும் எழுதவில்லை. உலர்த்துவது, உப்பிடுவது, புகையில் தொங்கவிடுவது, புளிக்கவைப்பது என்ற நான்கு வழிகளுக்கும் கண்டுபிடித்தவன் பெயர் கிடையாது. நான்குமே எழுத்துக்கு முந்தியவை. ஐந்தாவதாக வந்த ஒன்றுக்கு மட்டும் பெயர், வருஷம், பரிசுத்தொகை எல்லாம் இருக்கின்றன: காற்றுப் புகாமல் அடைத்துக் கொதிக்கவைப்பது. இந்த வித்தியாசம் தற்செயலானதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. புளிக்கவைப்பதும் அடைத்துவைப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு செய்முறைகள் மட்டுமல்ல. காலத்தைப் பற்றிய இரண்டு எதிரெதிரான மனோபாவங்கள்.

முட்டைக்கோஸை நறுக்கி, அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை பங்கு உப்புச் சேர்த்துப் பிசைந்து, அதன் நீரிலேயே மூழ்கும்படி அழுத்திவைத்தால், வேறெதுவும் செய்யாமலே அது புளிக்கத் தொடங்குகிறது. உப்பு எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. சிலவற்றைத் தடுக்கிறது, சிலவற்றுக்கு இடம்விடுகிறது. முதலில் லூக்கோனோஸ்டாக் வகைக் கிருமிகள் பெருகி, வாயுவையும் அமிலத்தையும் உண்டாக்கி, தாங்கள் உண்டாக்கிய அமிலத்தைத் தாங்களே சகிக்க முடியாமல் ஒடுங்குகின்றன. அவை விட்ட இடத்தில், அமிலத்தை அதிகம் தாங்கும் லாக்டோபாஸில்லஸ் வகைகள் வேலையைத் தொடர்கின்றன. அழுகலை உண்டாக்கும் கிருமிகள் இந்தப் புளிப்பில் தலையெடுப்பதில்லை. கெடுவதைத் தடுப்பதற்காக, ஒருவகைக் கெடுதலுக்குச் சம்மதம் தரப்படுகிறது. எந்தக் கெடுதல் என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் கலை. பாண்டத்திலிருக்கும் பொருள் நேற்றிருந்ததுபோல இன்றிருக்காது. அது மாறிக்கொண்டிருப்பதுதான் அது கெடவில்லை என்பதற்கு அடையாளம்.

அடைத்துவைப்பதில் சம்மதத்துக்கே இடமில்லை. உள்ளே இருக்கும் உயிர் முழுவதையும் கொன்று, வெளியிலிருந்து இன்னோர் உயிர் நுழையாமல் வாயை மூடிவிடுகிறோம். திறக்கும் வரையில் உள்ளே காலம் நடக்காது. வெற்றி பெற்றால் பூரண வெற்றி. எங்கோ ஓரிடத்தில் உயிர் மிச்சமிருந்துவிட்டாலோ, புளிப்பின் காவலும் இல்லாத, காற்றும் இல்லாத அந்த அறையில் வளர்வது கொடிய விஷம். புளிப்பில் தவறினால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். தகரப்பெட்டியின் விஷத்துக்குப் பல சமயங்களில் நாற்றமும் கிடையாது.

2

புளித்த பாண்டம் ஏதோ சாதுவான குடும்ப விவகாரம் என்றும், தகரப்பெட்டி அதிகாரத்தின் கருவி என்றும் சுலபமாகப் பிரித்துவிட ஆசை எழலாம். சரித்திரம் அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை. 1768ல் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட ஜேம்ஸ் குக் 7,860 பவுண்டு ஸார்க்ரவுட்டை, அதாவது ஜெர்மானியரின் புளித்த கோஸை, ஏற்றிச்சென்றார். நீண்ட பிரயாணங்களில் ஈறு வீங்கி, பழைய புண்கள் திறந்து மாலுமிகள் சாகும் ஸ்கர்வி நோய்க்கு அது பரிகாரமாகுமா என்று பார்ப்பது நோக்கம். மாலுமிகள் அதைத் தொடமாட்டோம் என்றார்கள். அதே பிரயாணத்தில் மடேராவில், புதிய மாட்டிறைச்சியை வாங்க மறுத்த இருவருக்குத் தலா 12 கசையடி கொடுத்தவர் குக். கோஸ் விஷயத்தில் வேறு உபாயம் செய்தார். அதிகாரிகளின் மேஜையில் தினமும் அதைப் பரிமாறச் செய்து, மாலுமிகள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்று அறிவித்தார். ஒரு வாரத்துக்குள், எல்லோரும் கேட்டதனால், அளவு வைத்துக் கொடுக்கவேண்டி வந்தது. மேலானவர்கள் தின்பது உயர்ந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்ற மனத்தின் பழக்கத்தை அவர் அறிந்திருந்தார். புளித்த கோஸ் பசிபிக் சமுத்திரத்தைக் கைப்பற்றுவதில் பங்குகொண்டது.

ஆனால் அதைப் புரிந்துகொண்டு யாரும் பயன்படுத்தவில்லை. 1776ல் குக்குக்கு ராயல் சொஸைட்டி காப்லி பதக்கம் அளித்தபோது, பெருமையில் பெரும்பகுதி முளைகட்டிய பார்லியின் கஷாயத்துக்குப் போயிற்று. அதில் ஸ்கர்வியைத் தீர்க்கும் சத்து அநேகமாகக் கிடையாது. வைட்டமின் என்ற கருத்தே உருவாக இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

புரிதலுக்கு முன்னால் செயல் நடந்துவிடுவது தகரப்பெட்டிக்கும் பொதுவானதுதான். பாரிஸில் மிட்டாய்க்கடை வைத்திருந்த நிக்கோலா அப்பேர் 1795 வாக்கில் பரிசோதனைகளைத் தொடங்கினார். ஷாம்பேன் புட்டிகளின் கனத்த கண்ணாடிக்குள் காய்கறி, பால், சூப்பு, மாமிசம் இவற்றை இட்டு, தக்கையால் இறுக்கி அடைத்து, கொதிநீரில் வைத்தார். 1810ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது, முறையை அச்சிட்டு வெளியிடவேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் அப்படியே புத்தகம் வெளியிட்டார். ஏன் கெடவில்லை என்பதற்கு, காற்றிலுள்ள பிராணவாயு நீங்கிவிட்டதே காரணம் என்று ரசாயன அறிஞர் கே-லுசாக் தீர்ப்புச் சொன்னார். அது தவறான விளக்கம். பாஸ்டர் லாக்டிக் புளிப்பைப் பற்றி எழுதியது 1857ல். அதுவரை ஐரோப்பா அரை நூற்றாண்டு காலம் காரணம் அறியாமலே அடைத்துத் தின்றுகொண்டிருந்தது. அப்பேர் 1841ல் வறுமையில் இறந்தார்.

புத்தகம் வெளிவந்த அதே 1810ல் லண்டனில் பீட்டர் டியூரண்ட் என்பவர் பெயரில் தகரப்பெட்டிக்குக் காப்புரிமை பதிவாயிற்று. அதை வாங்கித் தொழிற்சாலையாக்கியவர் பிரையன் டாங்கின். 1813 வாக்கில் அவருடைய பெட்டிகள் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போய்க்கொண்டிருந்தன. இதே டாங்கின்தான் சில வருஷங்களுக்கு முன்னால், முடிவில்லாத சுருளாகக் காகிதம் செய்யும் யந்திரத்தை முதன்முதலாக நடைமுறையில் ஓடவைத்தவர். அச்சுக் காகிதத்தின் பெருக்கமும் அடைத்த உணவின் பெருக்கமும் ஒரே பட்டறையிலிருந்து வெளிவந்திருப்பது நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம். இரண்டிலும், ஓரிடத்தில் ஒரு கை செய்த காரியம் அந்த இடத்திலிருந்தும் கையிலிருந்தும் பிரிக்கப்பட்டு, எங்கும் எடுத்துச்செல்லக்கூடியதாகிறது.

யாருக்காக இது செய்யப்பட்டது என்பதைப் பெட்டியே சொல்லிவிடுகிறது. முதல் பெட்டிகளைத் திறக்க உளியும் சுத்தியலும் வேண்டியிருந்தன. பெட்டி திறக்கும் கருவிக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை பெற்றது 1858ல்தான். ஏறத்தாழ ஐம்பது வருஷம், மூடுவதில் இருந்த அக்கறை திறப்பதில் இல்லை. சமையலறையில் இருப்பவளை மனத்தில் வைத்துச் செய்த பொருளாக இருந்தால் இது நடந்திருக்குமா? உளியும் சுத்தியலும் இருக்கும் இடம் கப்பல்.

1845 மே மாதம் ஆர்க்டிக் வழியாகப் பசிபிக்குக்குப் பாதை தேடிப் போன ஸர் ஜான் பிராங்க்ளினின் இரண்டு கப்பல்களில் மூன்று வருஷத்துக்கான உணவு இருந்தது. அதில் ஏறத்தாழ 8,000 தகரப்பெட்டிகள். ஸ்டீபன் கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரர் குறுகிய அவகாசத்தில் செய்துகொடுத்தவை. பனிக்குள் நுழைந்த 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1984ல் பீச்சித் தீவின் உறைபனிக் கல்லறையைத் திறந்து எடுத்த ஜான் டாரிங்டன் என்ற மாலுமியின் உடலில் ஈயம் மிகுந்திருந்தது. பெட்டிகளை ஒட்டிய ஈயப்பற்றே காரணம் என்று முதலில் நினைத்தார்கள். ஈயம் வேறு வழிகளிலும் வந்திருக்கலாம் என்று பிந்திய ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே எல்லாப் பழியையும் தகரத்தின்மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் 1852ல் கோல்ட்னர் அனுப்பிய பெட்டிகளைக் கடற்படைக் கிடங்கில் உடைத்துப் பார்த்தபோது அழுகிய மாமிசம் வெளிவந்ததில் சந்தேகமில்லை. பெரிய பெட்டிகளின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேரவில்லை. எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்று நிச்சயமாகக் கணக்கிட 1890களில் அமெரிக்காவில் பிரெஸ்காட்டும் அண்டர்வுட்டும் வரவேண்டியிருந்தது.

3

இந்த இரண்டு வழிகளும் மிகத் தெளிவாக மோதிக்கொண்ட இடம் கொரியா. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

கிம்ச்சியை ஊறுகாய் என்று மொழிபெயர்ப்பது சரியில்லை. தொட்டுக்கொள்வதற்கான சிறிதளவுப் பண்டமல்ல அது. மூன்று வேளையும் சோற்றோடு தின்னும் காய்கறி அதுதான். முன்பெல்லாம் பனிமூடிய மாதங்களில் வேறு காய்கறி அநேகமாகக் கிடைக்காது. நவம்பர் குளிரில், ஊரோடு சேர்ந்து பெண்கள் குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியைப் போட்டுவைப்பதற்குக் கிம்ஜாங் என்று பெயர். நீண்ட சீனக் கோஸை இரண்டாகப் பிளந்து இரவெல்லாம் உப்பில் கிடத்தி, மறுநாள் அலசி வடித்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கிக் கீற்று, உப்பில் புளித்த சிறு இறால் அல்லது நெத்திலி இவற்றின் விழுதை ஒவ்வோர் இலைக்கு இடையிலும் கையால் தடவி, ஓங்கி என்ற மண்சாடியில் அடுக்கிக் கழுத்துவரை மண்ணில் புதைப்பார்கள். சாடியின் நுண்துளைகள் வழியே சிறிது காற்று போய்வரும். முழுக்க மூடாமல் இருப்பதே அதன் சிறப்பு.

இதைக் கொரியாவின் பழமையான, மாறாத அடையாளம் என்று சொல்வது வழக்கம். பழமையானது என்பது உண்மை. 1241ல் இறந்த கவிஞர் யீ க்யூ-போ, தம் தோட்டத்துக் காய்கறிகளைப் பாடும்போது, முள்ளங்கியை உப்பிட்டுக் குளிர்காலத்துக்கு வைப்பதைச் சொல்கிறார். மாறாதது என்பது உண்மையல்ல. அந்தக் கவிஞர் தின்றதில் மிளகாய் இல்லை. இருக்கவும் முடியாது, மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1592ல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பை ஒட்டி அது கொரியாவுக்கு வந்தது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. 1614ல் எழுதப்பட்ட ஒரு கலைக்களஞ்சியம், ஜப்பானியக் கடுகு என்று ஜனங்கள் அழைக்கும் இந்தச் செடியைக் கடும் விஷமுள்ளது என்று எச்சரிக்கிறது. 1766ல் வந்த வேளாண் நூலில் அது கிம்ச்சிக்குள் புகுந்துவிட்டது. எதிரியோடு வந்த விஷம், ஒன்றரை நூற்றாண்டில், தேசத்தின் நிறமாயிற்று.

கோஸும் அப்படித்தான். இன்று கிம்ச்சி என்றால் நினைவுக்கு வரும், இறுகச் சுருண்ட கோஸ் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதன் பின்னும்தான். ஜப்பானிய ஆதிக்கம் முடிந்த 1945க்குப் பிறகு விதைக்குக்கூட ஜப்பானை நம்பியிருந்த நாட்டுக்கு, 1950ல் ஜப்பானிலிருந்து வந்துசேர்ந்தவர் உ ஜாங்-சுன். அவருடைய தகப்பனார் 1895ல் கொரிய அரசி மின் கொலையில் சம்பந்தப்பட்டு ஜப்பானுக்கு ஓடி, அங்கே 1903ல் கொலையுண்டவர். தாய் ஜப்பானியர். மகனுக்குக் கொரிய மொழி சரளமாக வராது. தாவர விஞ்ஞானத்தில் அவர் பெயரை நிலைநாட்டியது 1935ல் வெளியிட்ட ஆராய்ச்சி. கோஸ், டர்னிப், கருங்கடுகு என்ற மூன்று குடும்பங்களின் கலப்பிலிருந்தே மற்ற மூன்று பயிர்கள் பிறந்தன என்று அதில் காட்டினார். நம் வீடுகளில் தாளிக்கும் கடுகு அந்தக் கலப்புகளில் ஒன்று. 1959ல் இறக்கும்வரை, யுத்தம் தின்ற நாட்டில் கோஸுக்கும் முள்ளங்கிக்கும் தரமான விதைகளை உருவாக்குவதில் செலவிட்டார். துரோகியின் மகன், கலப்பினப் பிறவி, மொழி தெரியாதவன்: தேசிய உணவின் விதை இவர் கையால் வந்தது. தூய்மையை வைத்து மரபை அளப்பவர்கள் இந்த வாழ்க்கையை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

4

1950லிருந்து 1953 வரை நடந்த யுத்தத்துக்குப் பின் கொரியாவில் தங்கிவிட்ட அமெரிக்கப் படைகளோடு தகரப்பெட்டி வந்தது. 1937ல் ஹார்மல் கம்பெனி வெளியிட்ட ஸ்பாம் என்ற பன்றி மாமிசப் பெட்டியும் அதில் அடக்கம். பசித்த ஜனங்கள் முகாம்களிலிருந்து கசிந்த, கடத்திய, சில சமயம் எச்சிலாகவே விழுந்த மாமிசத்தைக் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்கவைத்தார்கள். ராணுவ முகாம் குழம்பு என்றே அதற்குப் பெயர். சியோலுக்கு வடக்கே முகாம்கள் சூழ்ந்திருந்த உய்ஜோங்பு என்ற ஊர் இன்றும் அதற்குப் பேர்போனது. அவமானத்தில் பிறந்த இந்த உணவைப் பின்னால் ஜனங்கள் விரும்பித் தின்னத் தொடங்கினார்கள். ஸ்பாம் பெட்டிகளை அழகாக அடுக்கி அறுவடைத் திருநாளுக்குப் பரிசளிக்கும் வழக்கமும் வந்தது. புளித்த பாண்டம் தகரத்தைத் தின்று செரித்துக்கொண்டது.

தகரம் பாண்டத்தைத் தின்ன முயன்றது வியட்நாமில். 1964லிருந்து 1973 வரை தென்கொரியா அங்கே அனுப்பிய சிப்பாய்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல். அமெரிக்க ராணுவ உணவு அவர்களுக்கு இறங்கவில்லை. 1967ல் அதிபர் பாக் சுங்-ஹீ, அமெரிக்க அதிபர் ஜான்ஸனுக்கு எழுதிய கடிதத்தில், தம் சிப்பாய்களுக்குக் கிம்ச்சி கிடைக்க வழிசெய்யும்படி கேட்டார். ஒரு வல்லரசின் தலைவனும் அவனுடைய யுத்தத்துக்கு ஆள் அனுப்பிய நாட்டின் தலைவனும் புளித்த கோஸைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து நடத்தியிருக்கிறார்கள். சிப்பாயின் ஏக்கம் பொய்யல்ல. அதை அரசு அந்நியச் செலாவணியாகவும் கண்டதும் பொய்யல்ல. அமெரிக்கப் பணத்தில், கொரியத் தொழிற்சாலையில் கிம்ச்சி பெட்டிக்குள் ஏற்றப்பட்டது.

ஆனால் கிம்ச்சி பெட்டிக்கு அடங்கும் பொருளல்ல. உயிரோடு அடைத்தால் வாயு பெருகிப் பெட்டி வீங்கும். அமிலம் தகரத்தை அரிக்கும். கொதிக்கவைத்துக் கொன்றால் கோஸ் துவண்டு, கடிக்கும்போது எழும் சத்தம் போய்விடும். கிம்ச்சியின் வடிவத்தையும் வாசனையையும் ஓரளவு அனுப்பமுடிந்தது. எது அதைக் கிம்ச்சியாக்குகிறதோ அதைக் கொன்ற பிறகே அனுப்பமுடிந்தது.

இதே தர்க்கம் நாற்பது வருஷம் கழித்து அதன் எல்லைக்குப் போயிற்று. 2008 ஏப்ரலில் கொரியாவின் முதல் விண்வெளிப் பயணி யீ சோ-யோன் ரஷ்ய விண்கலத்தில் புறப்பட்டபோது கிம்ச்சியும் கூடச் சென்றது. விண்வெளிக் கதிர்கள் பட்டுக் கிருமிகள் என்னவாக மாறுமோ என்ற அச்சத்தில், விஞ்ஞானிகள் சில வருஷங்கள் பாடுபட்டு, கதிரியக்கத்தால் அதிலிருந்த உயிர் அனைத்தையும் அழித்திருந்தார்கள். தேசத்தின் பெயரால் வானத்துக்குப் போனது, புளிப்பு நின்றுபோன கிம்ச்சி.

இதற்கிடையே, கிம்ச்சி எது என்று தீர்மானிக்கும் வழக்கு ஒன்றும் நடந்தது. புளிக்கவைக்காமலே, சுவைக்கு அமிலம் சேர்த்துச் சீக்கிரம் தயாராகும் ஜப்பானியச் சரக்குக்கும் அந்தப் பெயர் பொருந்துமா என்பது தகராறு. 2001ல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு, லாக்டிக் புளிப்பை உள்ளடக்கிய வரையறையை ஏற்றது. பெயரைக் காப்பாற்றியது கிருமிதான் என்று சொல்லலாம்.

5

பாண்டத்தின் பக்கம் நின்று இவ்வளவும் சொன்ன பிறகு, அதன் விலையையும் சொல்லவேண்டும். ஒரு குடும்பத்துக்கு நூறு கோஸுக்கு மேல், உறையும் தண்ணீரில், குந்தியபடி கழுவியவர்கள் பெண்கள். கொரிய மொழியில் கைருசி என்று பொருள்படும் ஒரு சொல் உண்டு. நாம் கைமணம் என்பதற்கு நெருங்கியது. அந்தப் பாராட்டு யாருக்கு அளிக்கப்பட்டதோ அவளை அடுப்படியிலேயே கட்டிப்போட்டது. 2013ல் யுனெஸ்கோ, தென்கொரியாவின் கிம்ஜாங்கை, செய்வதும் பகிர்ந்துகொள்வதுமான மரபு என்று தன் பட்டியலில் சேர்த்தது. 2015ல் வடகொரியாவின் மரபையும் சேர்த்தது. பட்டியலில் ஏறும் வேளையில் அந்த வேலையைச் செய்யும் வீடுகள் குறைந்துகொண்டிருந்தன. சியோலின் அடுக்குமாடி வீடுகளில் சாடி புதைக்க மண் கிடையாது. 1995ல் சந்தைக்கு வந்த திம்சே என்ற கிம்ச்சிக் குளிர்ப்பெட்டி, புதைத்த மண்ணின் குளிரை யந்திரத்தால் போலிசெய்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன். அது உயிரைக் கொல்லவில்லை, மெதுவாக்குகிறது; கூடவே ஒருத்தியின் முதுகையும் கொஞ்சம் நிமிர்த்துகிறது. தகரப்பெட்டிக்கும் இதே நியாயம் உண்டு. கோடையின் காயைக் குளிரில், விளையாத ஊரில், யாருடைய முதுகும் ஒடியாமல் கோடிக்கணக்கானவர்கள் தின்ன வழிசெய்தது அதுதான்.

ஆகவே இங்கே பிரச்னை எந்திரமா கையா என்பதல்ல. எதைக் காப்பதாக நாம் நினைக்கிறோம் என்பது. அரசுக்கும் ராணுவத்துக்கும் வேண்டியது தூரத்தைக் கடக்கும் பொருள். எங்கே திறந்தாலும் ஒன்றேயாக இருக்கும் பொருள். அதற்கு மரணம் ஒரு நிபந்தனை. வீட்டுக்கு வேண்டியது அடுத்த அறுவடைவரை போய்ச்சேரும் பொருள். ஜனவரியில் ஒரு ருசி, மார்ச்சில் வேறு ருசி என்பது அங்கே குறையல்ல.

மரபைக் காப்பதைப் பற்றி நம்மிடையே பேசப்படும்போதெல்லாம், பெரும்பாலும் அடைத்துவைப்பதையே மனத்தில் கொண்டு பேசப்படுகிறது. பழையது எதுவும் சேராமல், எதுவும் போகாமல், யார் கையும் படாமல் இருக்கவேண்டும் என்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களும் அதே பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது செத்தது, தூக்கி எறி என்கிறார்கள். எல்லாவற்றையும் உள்ளே விட்டால் அழுகும் என்பதைப் பாண்டம் அறியும். உப்பின் அளவு குறைந்தால் நாற்றம் தெரு முழுக்க வரும். ஆனால் படையெடுப்போடு வந்த மிளகாயையும், துரோகியின் மகன் தந்த விதையையும், முகாமிலிருந்து கசிந்த மாமிசத்தையும் ஏற்று, அவற்றால் மாறி, பெயரை இழக்காமல் எழுநூறு வருஷங்களுக்கு மேல் அது வந்திருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் யாரோ கையை உள்ளே விட்டதால்தான் வந்திருக்கிறது. ஒரு வருஷம் விட்டுவிட்டால், அந்த வருஷத்துக்கு அது இல்லை.